எந்திரிக்காமலே ஓடியவர்

கபடிப் போட்டிக்கு மைக் பிடித்து வர்ணனை சொல்வதில் பரமார்த்தலிங்கத்தை மிஞ்ச எங்கள் பக்கம் ஆள் கிடையாது. அவரிடம் அந்த வித்தையைப் பழக வந்தவர் சேர்மக்கனி. முட்டி போனதால் ஆட முடியாமல் ஒதுங்கிய பழைய ஆட்டக்காரர். வயதில் இருவரும் ஒன்றுதான். மைதானத்தோடு சேர்மக்கனிக்கு மிச்சமிருந்த உறவு அந்த மைக் மட்டும்தான்.

அதையும் விட்டுவிடுகிறேன் என்று இறுதிப் போட்டியன்று காலையில் வந்து நின்றார்.

"என்ன வே ஆச்சு?"

"தெரியாத மாதிரி கேக்கீரு அண்ணாச்சி. நேத்து நான் உளறினது ஊர் பூரா செல்போன்ல ஓடுது. என் மச்சினனே எனக்கு அனுப்பி வைக்கான். மானமே போச்சு."

உளறியது உண்மைதான். அரையிறுதியில் ஜோயல் என்ற பையன் எதிரணியிடம் மாட்டிக் குப்புற விழுந்தான். விழுந்தவாக்கில் உடம்பை இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டைத் தொட்டுத் தப்பிவிட்டான். சேர்மக்கனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "விழுந்துட்டாரு! விழுந்த ஜோயல் எந்திரிக்காமலே ஓடிட்டாரு!" என்று கத்தினார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதில் பதறிப்போய், "இரண்டு அணியும் ஜெயிக்க வாழ்த்துகிறோம்" என்று வேறு சொல்லிவைத்தார். கேட்கவா வேண்டும்!

"இன்னைக்கு ஒரு நாள் பேசும். பொறவு உம்ம இஷ்டம்" என்றார் பரமார்த்தலிங்கம்.

சேர்மக்கனி பேசினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "இரு அணி வீரர்களும் மிகச் சிறப்பாக விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ரெய்டு போனவன் திரும்பி வந்துவிட்டான். ஆனால் ஒரு பிழை இல்லை. முதல் பாதி முடிந்ததும் அப்பாடா என்று குருவைப் பார்த்தார்.

"வாரும், டீ குடிப்போம்" என்று குரு அவரைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மிக்கேல், ஜோயலின் அப்பா. கடையிலிருந்து பார்த்தால் ஜனங்களின் முதுகுதான் தெரியும். தலைக்கு மேலே ஒரு குழாய் ஸ்பீக்கர்.

"அண்ணாச்சி, இன்னைக்கு மைக்கில ஏதும் கோளாறா?" என்று கேட்டார் மிக்கேல்.

"ஏன், சத்தம் வரலையா?" என்றார் பரமார்த்தலிங்கம்.

"சத்தம் கணீர்னு வருது. என் மவனைத்தான் காணோம். உள்ள நிக்கானா, அவுட்டா, அடிகிடி பட்டுட்டானா, ஒண்ணும் வெளங்கல. கடையைப் போட்டுட்டு ஓடவும் முடியல. நேத்து அவன் தப்பிச்சதை இந்தக் குழாய்ல கேட்டு இங்கன நின்னே பாத்தேன்லா!"

ஜோயல் எப்படி ஆடினான் என்று சேர்மக்கனி யோசித்துப் பார்த்தார். அவருக்கே தெரியவில்லை. அந்த அப்பாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதினார்கள். மைக்கைக் கையில் எடுத்தவர் குருவிடம் திரும்பினார்.

"மறுபடியும் ஏதாச்சும் உளறித் தொலைச்சிட்டா?"

"மிக்கேல் சிரிப்பாரு" என்றார் பரமார்த்தலிங்கம். "மவன் தப்பிச்சிட்டான்னு தெரிஞ்சுக்கிட்டுச் சிரிப்பாரு."