தண்ணீரில் இறங்காத வள்ளம்

தூத்துக்குடியில் பூரணி டீச்சரிடம் ஆயில் பெயின்ட் பழக வந்தவர்களில் தொம்மை அண்ணாச்சிதான் மூத்தவர். டீச்சருக்கு அப்பா வயது. கடல் தொழிலை விட்டுவிட்டுப் பிரஷ் பிடிக்க வந்தவர். மற்றவர்கள் பூ, பழம், யானை என்று மாறிக்கொண்டே போனார்கள். இவர் பிடித்த பிடியை விடவில்லை. மீன்பிடித் துறைமுகம், அதில் ஒரு நீல வள்ளம். சரியில்லை என்று சுரண்டி எடுப்பார், மறுபடி அதையே தீட்டுவார்.

அந்த வள்ளத்தில்தான் அவர் மகன் அருளப்பன் கடலுக்குப் போனான். வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை. உடம்பு கிடைக்காததால் அடக்கமும் இல்லை. அவன் ஆன்மாவுக்குக் கோயிலில் ஒரு பூசையாவது வைத்துவிடலாம் என்று மனைவி மன்றாடிப் பார்த்துவிட்டாள். "படம் முடியட்டும்" என்பார். படமோ முடிகிற பாடில்லை. பெற்ற மனம், குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் அந்த அம்மாள் வாய்விட்டு அழக்கூட வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அது கொடுமைதான்.

ஒருநாள் அவரே கேட்டார்.

"டீச்சர், கடல் நல்லாத்தான வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி."

"வள்ளம்?"

"அதுவும் நல்லா இருக்கு."

"பொறவு ஏன் ரெண்டும் ஒட்ட மாட்டேங்கு? கரையில ஏத்தி வச்ச மாதிரில்லா நிக்கி."

டீச்சர் அவரை ஜன்னலுக்கு அழைத்துப் போனார். கீழே துறைமுகத்தில் வள்ளங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"இதுல எந்த வள்ளத்துக்காவது அடிப்பலகை தெரியுதா?"

கடல்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று அவருக்குச் சுருக்கென்றது.

"தண்ணிக்குள்ள கெடக்கது எப்படித் தெரியும்?"

"நீங்க வரைஞ்சிருக்கீங்களே."

அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். நீலப் பக்கப்பலகை, அதற்குக் கீழே தார் பூசிய அடிப்பலகை, ஆணி அடித்த இடம் எல்லாம் ஒன்றுவிடாமல் தீட்டியிருந்தார்.

"அது இருக்குல்லா டீச்சர்? ஒரு பக்கம் நான் தார் பூசினேன். மறுபக்கம் அவன் பூசினான்."

டீச்சர் கடலுக்குக் குழைத்து வைத்திருந்த பச்சையைப் பிரஷ்ஷில் தொட்டு அவர் கையில் கொடுத்தார்.

"மூடணுமா?"

"மூடினாத்தான் வள்ளம் தண்ணியில இருக்கும்."

"நீங்க மூடுங்களேன், தாயி."

"நான் மூட மாட்டேன் அண்ணாச்சி. அது உங்க வள்ளம்."

அண்ணாச்சி இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வள்ளத்தின் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தார். பிறகு அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் மூடினார். தார் மறைந்தது. ஆணிகள் மறைந்தன.

வள்ளம் தண்ணீரில் உட்கார்ந்தது. அதன் முகப்பு துறைமுக வாயைப் பார்த்து நின்றது. இத்தனை நாள் வராதது வந்துவிட்டது.

"டீச்சர், இப்ப இது போயிருமே."

"எப்பவோ போயாச்சு, அண்ணாச்சி."