மின்னல் படுத்த மத்தியானம்

குமணன் மைக்கைப் பிடித்தால் மைக் செட்டுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரலாம் என்று ஊரில் சொல்வார்கள். பாதி ஆயுளைக் கட்சி மேடைகளில் கழித்த மனிதர். ஒருநாள் மேடையை விட்டு இறங்கி மலையேறி, மங்கை அம்மாவின் குடிலுக்கு வந்து சேர்ந்தார்.

அம்மா அவரைவிட வயதில் இளையவர். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டுக் குடில் போட்டவர். சின்னப் பெண்ணைப் போய்க் குருவென்கிறாயே என்று பழைய தோழர்கள் கேலி செய்தபோது, வயதைப் பார்த்துத்தான் குருவைத் தேடவேண்டும் என்றால் சுடுகாட்டில்தான் தேடவேண்டும் என்று சொல்லி அனுப்பினார் குமணன்.

குடிலுக்கு வந்து அவர் வெற்றிலையை விட்டார், கோபத்தைக்கூட ஓரளவு விட்டார். பேச்சை மட்டும் விட முடியவில்லை. அம்மாவும் அதை விடச் சொல்லவில்லை.

அந்த மலையூரில் ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி உண்டு. சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால், தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று மலையேறி வரும். வயதான குதிரைகளின் கழுத்திலிருந்து பாசிமணியைக் கழற்றி இளங்குதிரைகளுக்குக் கட்டிவிட்டு, கிழடுகளை லாரியில் ஏற்றுவார்கள். 'கீழே இறக்கியாச்சு' என்பார்கள். இறக்குகிற இடம் கசாப்புக் கொட்டகை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வார்த்தையை மட்டும் யாரும் வாயில் எடுப்பதில்லை.

குமணன் எடுத்தார். பஸ் ஸ்டாண்டில், வாரச் சந்தையில், சுற்றுலாக்காரர்கள் கூடுகிற ஏரி வாசலில், எங்கே நாலு பேர் நின்றாலும் எடுத்தார்.

"உங்க பிள்ளையைச் சுமந்துச்சே, அந்தப் போட்டோ வீட்டுச் சுவத்துல தொங்குது. சுமந்த குதிரை எங்க தொங்குதுன்னு கேட்டீங்களா?"

பேச்சைக் கேட்டவர்கள் குதிரைக்காரர்களிடம் போய் விசாரிக்க ஆரம்பித்தார்கள். சிலர் சவாரி வேண்டாம் என்று திரும்பினார்கள். பஞ்சாயத்தில் பேச்சு எழுந்தது. குதிரைக்காரர்களுக்கு எரிச்சல் வந்தது.

அவர்களில் அதிகக் குதிரை வைத்திருந்தவர் சவரியப்பன். ஒருநாள் கூட்டத்தின் நடுவிலேயே ஒரு கிழட்டுக் குதிரையை இழுத்துவந்து, கயிற்றைக் குமணன் கையில் திணித்தார். குதிரையின் பேர் மின்னல். எந்தக் காலத்தில் வைத்த பேரோ, இப்போது அது நடக்கிற நடைக்கு ஆமை முந்திவிடும்.

"பேசுறதுக்குக் கூலி இல்ல. இந்தாங்க, பிடிங்க. நாங்கள்லாம் கொலகாரனுக, நீங்க காப்பாத்துங்க. லாரி வர்றதுக்குள்ள இது தேறிடுச்சுன்னா, என்கிட்ட இன்னும் மூணு கிழடு இருக்கு, அதையும் உங்களுக்கே விட்டுடறேன். தேறலைன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கணும். மூணும் கீழ இறங்கும்."

கூட்டம் கை தட்டியது. குமணன் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அம்மா அப்போது ஊரில் இல்லை. மழைக்காலத்தில் மலைக் கிராமங்களுக்கு நடந்துபோய் நோயாளிகளைப் பார்த்துவருவது அவர் வழக்கம். அதனால் என்ன, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குமணன் வேலையில் இறங்கினார். குடிலின் பின்பக்கம் கொட்டகை போட்டார். காய்ந்த புல்லை மெத்தை மாதிரிப் பரப்பினார். தோட்டத்துக் கேரட், ஊறவைத்த கொள்ளு, வெந்நீரில் கலந்த தவிடு. கால்நடை டாக்டர் வந்து பல்லைப் பார்த்தார், குளம்பைச் சீவினார், ஊசி போட்டார். பெரிதாக வியாதி ஒன்றும் இல்லை, சாப்பிட்டால் தேறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மின்னல் சாப்பிட்டது. ஆனால் தேறவில்லை. தலை தொங்கியது. கண்ணில் ஒரு பீளை கட்டிய பார்வை. கொட்டகையின் மூலையில், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தது. முன்னங்கால்களின் கணுக்கட்டில் தோல் உரிந்து உரிந்து காய்ந்திருந்தது. பழைய புண்ணாக்கும் என்று நினைத்து மஞ்சள் பூசினார் குமணன்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். மேடைக்காரர்தான் அப்படிச் செய்வார். மின்னலுக்கு மாலை போட்டு, சந்தைத் திடலுக்கு நடத்திப் போய், மேடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்கினார். சாட்சி பக்கத்திலேயே நின்றால் பேச்சுக்கு எவ்வளவு பலம்! ஒலிபெருக்கி மின்னலின் காதுக்கு நேரே இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

பேச்சு உச்சத்துக்குப் போன நேரத்தில் மின்னலின் முன்னங்கால்கள் மடங்கின. தலை மண்ணில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தது.

"பாருங்க! உங்களைக் கும்பிடுது பாருங்க!" என்றார் குமணன் மைக்கில்.

திடல் முழுக்கக் கைதட்டல். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மின்னல் திடுக்கிட்டு எழுந்து நின்றது. கணுக்கட்டில் புது ரத்தம். அதைப் பார்த்ததும் குமணன் மைக்கைக் கீழே வைத்தார். அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தியது அந்த ஊர் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

குதிரை விழுந்த சேதி, அவர் குடிலுக்குத் திரும்புவதற்குள் ஏரிக்குப் போய்விட்டது. சனிக்கிழமை லாரி வருகிறது, அதற்கு முன்னால் ஒரு நடை வந்து பார்க்கிறேன் என்று சவரியப்பன் ஆள் விட்டுச் சொன்னார். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அந்த ஆள் சிரித்தானாம்.

மறுநாள் காலை அம்மா திரும்பிவந்தார். தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் குமணன் சொல்வதை எல்லாம் கேட்டார். குமணன் ஒன்றையும் மறைக்கவில்லை. கும்பிடுகிறது என்று மைக்கில் சொன்னதையும் சொன்னார்.

கடைசியில், பல நாளாக மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"ஒரு குதிரையையே என்னால தேத்த முடியலம்மா. சவரியப்பன்கிட்ட மூணு நிக்குது. மலை முழுக்க எத்தனையோ. நாடு முழுக்க எத்தனை லாரி ஓடுதோ. ஒவ்வொண்ணுக்கும் நாம எங்க போய் நிக்கிறது?"

அம்மா கொட்டகைக்குப் போனார். மின்னலின் கணுக்கட்டைக் குனிந்து பார்த்தார்.

"இது படுத்து நீங்க பார்த்திருக்கீங்களா அய்யா?"

"குதிரை நின்னுக்கிட்டே தூங்குமேம்மா."

"கண் அசரும். நான் கேட்டது படுக்கிறதை. படுத்துத் தூங்காத குதிரை நின்னபடியே அசந்து, முன்னங்கால் மடங்கி விழும், இந்தப் புண்ணு அதுதான்."

குமணன் யோசித்தார். மெத்தை மாதிரிப் பரப்பிய புல் பரப்பியபடியே இருந்தது. அதில் ஒரு உடம்பு புரண்ட தடம் இல்லை. இத்தனை நாள் அதைத் தினமும் பார்த்தும் அவருக்கு அது உறைக்கவில்லை.

"கூட ஒண்ணு காவல் நின்னாத்தான் குதிரை பயமில்லாமப் படுக்கும்," என்று சொல்லிக்கொண்டே அம்மா பையை ஆணியில் மாட்டினார். மின்னலைக் கொட்டகைக்கு வெளியே, வெயில் விழுகிற புல்வெளிக்குக் கூட்டிவந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார். நாலடி தள்ளி, அதற்கு முதுகைக் காட்டி, காட்டுப் பக்கம் பார்த்து நின்றார்.

அவ்வளவுதான். நின்றார்.

குமணன் நாற்காலி கொண்டுவந்தார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். குமணன் இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மின்னலின் காது சட்டென்று அவர் பக்கம் திரும்பியது. அம்மா அந்தக் காதைக் கையால் சுட்டிக் காட்டினார். குமணன் வாயை மூடிக்கொண்டார். மூடிய வாயோடு சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கால் கடுத்தது. மூக்கு அரித்தது. பழைய பேச்சுகள் எல்லாம் நெஞ்சுக்குள் வரிசையில் நின்று முண்டின.

அன்று மின்னல் படுக்கவில்லை. புல்லை முகர்ந்தது, ஒரு முறை வட்டம் சுற்றியது, மறுபடி நின்றுகொண்டது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மழை தூறியபோது அம்மா ஒரு கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். குடிலுக்கு வந்தவர்கள், அம்மாவும் குமணனும் ஏதோ விரதம் இருக்கிறார்கள் என்று நினைத்துத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இடையில் அடிவாரத்து ஊரிலிருந்து ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. லாரிகள் போகிற பாதையில் இருக்கிற ஊர் அது. குமணன் போகமாட்டேன் என்றார். இனி மைக்கைத் தொடமாட்டேன், பேசிப் பேசித்தான் இந்தப் பாவம் செய்தேன் என்றார்.

"போய்ப் பேசுங்க," என்றார் அம்மா. "லாரியை நிறுத்த உங்க பேச்சுதான் வேணும். மின்னலை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க."

அவர் போய்ப் பேசினார். மாலையும் இல்லை, சாட்சியும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு இறங்கினார். மைக் செட்டுக்காரர் அப்போதுதான் டீ குடிக்கப் போயிருந்தார். அந்த ஊர்க்காரர்கள், லாரி வந்தால் செக்போஸ்ட்டில் நாங்கள் மறிக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவர் முதல் பஸ்ஸைப் பிடித்து மலைக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெயில் நன்றாக அடித்தது. மின்னல் புல்லை முகர்ந்தது. வட்டம் சுற்றியது. இன்னொரு வட்டம். அம்மாவின் முதுகை நெடுநேரம் பார்த்தது. பிறகு முன்னங்கால்களை மெல்ல மடித்தது. இந்தத் தடவை அது விழவில்லை. பின்பக்கத்தையும் இறக்கி, ஒருக்களித்து, கடைசியில் கழுத்தையும் தலையையும் புல்லில் சாய்த்து நாலு காலையும் நீட்டிவிட்டது.

குமணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சவரியப்பன் வந்தார். வேலியைத் தாண்டும்போதே கண்ணில் பட்டது. நாலு காலையும் நீட்டிக் கிடக்கிற குதிரை, பக்கத்தில் அசையாமல் நிற்கிற இரண்டு பேர். அவர் தலையில் சுற்றியிருந்த மப்ளரை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்ற எண்ணம்கூட அவர் முகத்தில் இல்லை.

"போயிடுச்சா?" என்றார் தாழ்ந்த குரலில்.

அம்மா உதட்டில் விரலை வைத்தார்.

சவரியப்பன் கிட்டே வந்தார். மின்னலின் வயிறு ஏறி இறங்கியது. மூக்கிலிருந்து கர்ர், கர்ர் என்று சத்தம். குதிரை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பின்னங்கால் ஒன்று காற்றில் லேசாக ஓடியது. கனவில் எந்த ஏரியைச் சுற்றுகிறதோ.

அவர் அப்படியே நின்றுவிட்டார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"குட்டியில இருந்து என்கிட்டதான் இருந்துச்சு. இது படுத்து நான் பார்த்ததே இல்ல."

ஏன் பார்த்ததில்லை என்பது அவருக்கே தெரியும். ஏரிக் குதிரைகளைக் கட்டுத்தறியில் குட்டைக் கயிற்றில்தான் கட்டுவார்கள். படுத்தால் முடியில் சேறு ஒட்டும். சேறு ஒட்டிய குதிரையில் யாரும் பிள்ளையை ஏற்றமாட்டார்கள். அவருடைய அப்பாவும் அப்படித்தான் கட்டினார், அவரும் அப்படித்தான் கட்டினார்.

மின்னல் தூங்கி முடிக்கிறவரை சவரியப்பன் போகவில்லை. அவரும் நின்றார். அது எழுந்து உடம்பை ஒரு உதறு உதறி, வயிற்றில் சேறும் முதுகில் புல்லுமாக, தலையைத் தூக்கிக் கனைத்தபோது அவர் மப்ளரில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு லாரிக்காரனை நானே திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றார். போகும்போது, இனிக் கயிற்றை நீளமாக விடவேண்டும், தறியடியில் புல்லும் போடவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார்.

சனிக்கிழமை லாரி காலியாக இறங்கியது. அதே காலையில் சவரியப்பன் மூன்று குதிரைகளையும் குடிலுக்கு நடத்திவந்தார். மூன்றின் கழுத்திலும் பாசிமணி இருந்தது. கழற்றவில்லை.

மூன்றும் புல்வெளியின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. கணுக்கட்டில் அதே மாதிரிக் காய்ப்பு. குமணன் பெருமூச்சு விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காட்டுப் பக்கம் பார்த்து நிற்பதற்குத் தோதான இடத்தைத் தேடினார்.

தேடிய இடத்தில் மின்னல் வந்து நின்றது. காதை நிமிர்த்தி, காட்டைப் பார்த்து நின்றது.

வெயில் ஏறியது. மூன்றில் ஒன்று, ராக்கி என்ற பழுப்புக் குதிரை, புல்லை முகர்ந்தது. வட்டம் சுற்றியது. மின்னலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காலை மடித்தது. படுத்தே விட்டது.

அம்மா புல்லில் உட்கார்ந்து காலை நீட்டினார். பல நாளைக்கு அப்புறம் அன்றுதான் அந்தப் புல்வெளியில் அவர் உட்கார்ந்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. குமணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்மா. நாடு முழுக்க எத்தனையோ குதிரை, ஒவ்வொண்ணுக்கும் நாம எங்க போய் நிக்கிறதுன்னு. நீங்க இன்னும் பதில் சொல்லல."

அம்மா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே மின்னலைப் பார்த்தார்.

"நாம ஒண்ணுக்குத்தான் நின்னோம் அய்யா," என்றார். "ராக்கிக்கு இப்ப யார் நிக்கிறா?"