கஞ்சி குடிச்சியா

குளச்சல் பக்கத்தில் ஒரு மென்பொருள் பட்டறை. அதை நடத்தும் பகவதிக்கு முப்பத்துநாலு வயசுதான். ஆனாலும் அங்கே எல்லாரும் அவளை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் மூத்தவர் சிலுவைதாசன். ஐம்பத்தொன்று முடிந்துவிட்டது. சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று, தலை நரைத்த பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்த மனுஷர்.

அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. காலையில் வந்ததும் தன் கம்ப்யூட்டரில் இருக்கும் பேக்கேஜ் அத்தனையையும் அழித்துவிடுவார். பிறகு ஒன்று விடாமல் மறுபடி இன்ஸ்டால் பண்ணுவார். பேக்கேஜ் என்றால் வேறென்ன, யாரோ எழுதி ஊருக்கெல்லாம் பொதுவில் வைத்த நிரல். ஒரு தடவை இறக்கினால் போதும், அது பாட்டுக்குக் கிடக்கும். இவருக்கோ தினமும் முக்கால் மணி நேரம் அதிலேயே போகும்.

"அண்ணாச்சி தெனமும் வீட்டை இடிச்சுக் கெட்டுதாரு" என்று பட்டறையில் கேலி பண்ணுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அவர் காத்திருப்பது ஒரே ஒரு பேக்கேஜுக்கு. அதன் பெயர் 'ஓதம்'. எந்தக் கரையில் எந்நேரம் கடல் ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும். எழுதியவன் அவருடைய தம்பி கிளீட்டஸ். அது கம்ப்யூட்டரில் ஏறி முடிந்ததும் திரையில் ஒரு வரி வரும்.

'அண்ணே, கஞ்சி குடிச்சியா?'

இன்ஸ்டால் ஆகும்போது மட்டும்தான் வரும். வெளியூரில் வேலை பார்த்த கிளீட்டஸ் தினமும் போனில் முதல் பேச்சாகக் கேட்டது அதுதான். அந்தப் போன் நின்று இரண்டு வருஷமாயிற்று. மூளைக் காய்ச்சல், மூன்றே நாளில் முடிந்துபோனான். அதற்குப் பிறகுதான் சிலுவைதாசன் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

அப்படியிருக்கையில் அவர்கள் நிரல் எழுதும் மொழிக்குப் புது வெர்ஷன் வந்தது. பட்டறையில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அதைப் போட்டார்கள். மறுநாள் காலை சிலுவைதாசன் வழக்கம்போல் அழித்துவிட்டு இன்ஸ்டால் கொடுத்தார். மற்றதெல்லாம் ஏறியது. ஓதம் ஏறவில்லை. சிவப்பு எழுத்தில் பிழை வந்து நின்றது. மறுபடி கொடுத்தார். ஏழு தடவை கொடுத்தும் அதே சிவப்புதான்.

எழுந்து ஆசானிடம் போனார்.

"ஆசானே, எனக்கு மட்டும் பழைய வெர்ஷனைப் போட்டுப் பூட்டித் தாருங்க. இனி யாரும் தொடப்பிடாது."

"பூட்டலாம் அண்ணாச்சி. எத்தன நாளைக்கு?"

"நான் இருக்கிற மட்டும்."

"ஓதத்துக்காகவா, அந்த வரிக்காகவா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்குத் தெரியுமா?"

"நாங்களும் அதை இன்ஸ்டால் பண்ணியிருக்கோம்லா. ஒங்க தம்பி எங்க எல்லாரையும்தான் கஞ்சி குடிச்சியான்னு கேட்டிருக்காரு."

சிலுவைதாசன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடக்கமுடியாமல் அழுதார். "அவன் பேச்சுல அது ஒண்ணுதான் ஆசானே மிச்சம் இருக்கு."

பகவதி தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, இணையத்தில் ஓதத்துக்கு உள்ள பக்கத்தைத் திறந்தாள். தினமும் இன்ஸ்டால் பண்ணினாரே ஒழிய, அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஓதத்தைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதி, பதில் கிடைக்காத கடிதங்கள் அறுபத்துமூன்று அதில் கிடந்தன. கடைசிக் கடிதம் தொண்டியிலிருந்து. 'புது வெர்ஷனில் ஏறமாட்டேன் என்கிறது. இங்கே நாலு படகு இதைப் பார்த்துத்தான் கடலில் இறங்கும். யாராவது இருக்கிறீர்களா?'

ஓரத்தில், பராமரிப்பவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர். நிரலைத் திருத்தி வெளியிடும் உரிமை அவர்களுக்குத்தான். ஒன்று கிளீட்டஸ். மற்றது சிலுவைதாசன்.

"இது யாரு போட்டது?"

"அவருதான். மூணு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு பாருங்க."

"அட கிறுக்குப் பயலே! எனக்கு அப்போ இதுல ஒரு எழுத்தும் தெரியாதே."

பகவதி சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை. அந்த இரண்டு பெயரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் எழுதினதுல நான் கை வெச்சா, பெறவு அது அவன் எழுதினதா இருக்குமா ஆசானே?"

"ரெண்டு வருஷமா தெனமும் ஒங்க கிட்ட ஒரே கேள்வியக் கேக்காரு. ஒருநாளாவது பதில் சொன்னியளா அண்ணாச்சி?"

சிலுவைதாசன் தன் இடத்துக்குப் போனார். தம்பியின் நிரலை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். படித்து, விளங்காததைக் கேட்டு, திருத்தி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் புது ஓதத்தைப் பொதுவில் வைத்தார். பட்டறையில் எல்லாரும் இன்ஸ்டால் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்கள்.

'அண்ணே, கஞ்சி குடிச்சியா?'

அதன் கீழே புதிதாக இன்னொரு வரி.

'குடிச்சேன் மக்கா. நீ குடிச்சியா?'

யாரும் கேலி பண்ணவில்லை.

மறுநாள் காலை சிலுவைதாசன் எதையும் அழிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார். பகவதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவன் இனி பதில் சொல்லமாட்டான்லா ஆசானே?"

"சொல்லமாட்டாரு அண்ணாச்சி. தொண்டியில நாலு படகும் எறங்கிட்டாம்."