பனிக்குள்ளிருந்து ஒரு ‘ம்’

கேளுங்கள் மக்களே, கடலில் இவ்வளவு உப்பு ஏறாத காலத்துக் கதை இது. நீலமுனை என்றொரு துறைமுகம். அங்கே பாறைமேல் ஒரு கலங்கரை விளக்கம். அதன் உச்சியில் இரவெல்லாம் விறகு எரியவேண்டும்.

பழைய காவல்காரன் போய்ச்சேர்ந்தான். “விடியும்வரை நெருப்பைக் காப்பவருக்கே வேலை. அடித்தளத்து அறையில் குடியும் இருக்கலாம்” என்று பறையறைவித்தார் துறைத்தலைவர்.

முதல் நாள் ஒரு மல்லன் ஏறினான். வயிறாரத் தின்றான், தூங்கினான். நெருப்பு அணைந்தது.

இரண்டாம் நாள் தூக்கத்தை வென்ற துறவி ஏறினார். இமை சோராமல் உட்கார்ந்திருந்தார். நெருப்பு அணைந்தது. “நான் விழித்துத்தானே இருந்தேன்? விறகு போடச் சொன்னது யார்?” என்றார்.

மூன்றாம் நாள் சேந்தி வந்தாள். தாய் தகப்பன் இல்லாதவள். கதை சொல்லிக் கஞ்சி குடிப்பவள். மழை வந்தால் கவிழ்த்துப்போட்ட தோணிக்கடியில் ஒண்டுபவள்.

தலைவர் சிரித்தார். “உன் கதையைக் கேட்டால் ஊரே தூங்குமே, அம்மா!”

“கேட்டவர் தூங்கியதுண்டு ஐயா. சொன்னவள் தூங்கிப் பார்த்திருக்கிறீர்களா?”

ஏறினாள். கடலைப் பார்த்து உரக்கக் கதை சொன்னாள். கதை திரும்பும்போதெல்லாம் ஒரு கட்டையை நெருப்பில் போட்டாள். ஆனால், கதை என்றால் எதிரே ஒருவர் ‘ம்’ கொட்டவேண்டுமே! நடுச்சாமத்தில் பனிமூட்டம் வேறு கடலை மூடிற்று. யாருக்குச் சொல்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் குரல் தளர்ந்தது, இமை கனத்தது. இந்த அறையும் போனால் மறுபடி தோணியடிதான். அது தெரிந்தும், அரக்கன் கிணற்றை எட்டிப் பார்த்த இடத்தில் கதை நின்றேபோயிற்று.

“அப்புறம்?”

கீழே, பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

“யாரது?”

“மீன்பிடிக்கப் போனவங்க தாயி. பனியில உன் நெருப்பு தெரியல. குரலை வச்சுத்தான் பாறை எங்கேன்னு தெரிஞ்சு விலகி வர்றோம். நிறுத்தித் தொலைக்காதே! அரக்கன் விழுந்தானா, இல்லையா?”

சேந்திக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. இரண்டு கட்டைகளைச் சேர்த்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தாள். ஒரு தோணி ‘ம்’ என்றது. தொலைவில் இன்னொன்று ‘ம்’ என்றது. அதற்கும் அப்பால் மூன்றாவதும் ‘ம்’ என்றது.

விடிந்ததும் தலைவர் வந்தார். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. படி முழுக்க ஈரத்தலையோடு மீனவர்கள். தலைவர் அறைச் சாவியை நீட்டினார்.

“கொஞ்சம் பொறுங்க ஐயா, அரக்கன் இன்னும் மேலே வரல” என்று அதட்டினான் ஒருவன். தலைவரும் ஒரு படியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தனக்காக விழித்திருப்பவர் கையில் விளக்கு அணைந்துபோகும், மக்களே; தன்னை நம்பி இருட்டில் ஒருவர் இருக்கிறார் என்று அறிந்தவர் கையில் அது அணையாது.