சாமி தின்ற பாடம்

சத்தியமாகச் சொல்கிறேன், கேளுங்கள்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிஞ்சியிருக்கிற பல்லெல்லாம் இந்த இடத்திலேயே கொட்டட்டும்.

எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே ஒரு தொடக்கப்பள்ளி. ஒன்றாம் வகுப்புக்குத் தையல்நாயகி டீச்சர். மழை வந்தால் கூரை ஒழுகும். எண்ணெய்க் கம்பெனிக்காரர் ஒருநாள் வந்தார். "புதுக் கூரை போட்டுத் தர்றோம் டீச்சர். எங்க புத்தகத்தை மட்டும் நடத்துங்க" என்று புத்தகக் கட்டு ஒன்றை இறக்கிவிட்டுப் போனார். வழவழவென்ற தாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு கறுப்பு எண்ணெய்ச் சொட்டு, கன்னம் குழியச் சிரித்தது.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. குருவைப் போய் அழைத்து வந்தாள். பள்ளிக்கு எதிர்க் குளத்தங்கரையில் கிடக்கிற சப்புக்கொட்டிச் சாமிதான் குரு. எதைக் கொடுத்தாலும் தின்றுவிட்டுச் சப்புக் கொட்டுவார்.

மதியச் சாப்பாட்டு நேரம். தூறல். சத்துணவுச் சாம்பார் இறங்கியிருந்தது. தையல்நாயகி ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டு, பரிமாறாமல் உட்கார்ந்தாள்.

"என்ன தாயி, அவ்வளவு பசியா?"

"இல்லை சாமி. டீச்சர் முதல்ல சாப்பிட்டுப் பார்க்கணும். கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆகலைன்னாதான் பிள்ளைங்களுக்குப் பரிமாறணும்."

"நல்ல ஏற்பாடு. என்னமோ கேட்கணும்னியே?"

"இந்தப் பாடத்தை நடத்தலாமா சாமி?"

சாமி புத்தகத்தை வாங்கினார். முதல் பக்கத்தைக் கிழித்தார். சுருட்டி வாயில் போட்டு மென்றார்.

"ஐயோ, அது தாள் சாமி!"

"உன் சாம்பாரை விட ருசி. இன்னொரு பக்கம் தின்னலாம்."

சப்புக் கொட்டினார்.

கொஞ்ச நேரத்தில் சாமியின் தொப்பை, உள்ளே விளக்கு வைத்ததுபோல் மினுங்கியது. கன்னத்தில் குழி விழுந்தது. கண் சொக்கியது. பாதம் தரையை விட்டெழும்பி, ஆள் காற்றில் மெதுவாக ஆடினார்.

"சாமி, அதோ அந்தப் புகை?"

"மேகக் குட்டி. பால் குடிக்க அம்மாகிட்டப் போகுது."

"குளத்து மேலே எண்ணெய்?"

"வானவில் குளிக்க இறங்கியிருக்கு."

கேட்கக் கேட்க அவளுக்கும் சுகமாக இருந்தது. கூரைகூட ஒழுகாததுபோல் தோன்றியது. காலையில் ஓவியா என்கிற வாண்டு கேட்ட கேள்வி எங்கிருந்தோ நினைவுக்கு வந்தது.

"மீனெல்லாம் ஏன் சாமி மல்லாந்து மிதக்குது?"

"வானத்தை வேடிக்கை பார்க்குதுங்க."

தையல்நாயகி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அப்போது சாமிக்கு ஓர் ஏப்பம் வந்தது. அத்தனையும் கரும்புகை. சத்துணவுக்கூடமே இருண்டு தெளிந்தது. தொப்பென்று தரையில் விழுந்த சாமி, இடுப்பைத் தடவிக்கொண்டே குளத்தைப் பார்த்தார்.

"மீன் செத்துக் கிடக்குது தாயி."

"அப்போ பாடம் எப்படி சாமி?"

"இனிப்பு. ரொம்ப இனிப்பு."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. பாடத்தைப் பரிமாறிடலாமா? கூரை வந்துடும் சாமி. மழையில பிள்ளைங்க நனையுதுங்க."

வெளியே தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகளைச் சாமி பார்த்தார்.

"நான் கிழவன். எனக்கு ஏப்பமா வந்துடுச்சு," என்றார். "அதுகளுக்கு ஜீரணமாயிடும்."

தையல்நாயகி எழுந்தாள். புத்தகக் கட்டைத் தூக்கினாள். கூரை ஒழுகுகிற இடம் பார்த்து, நேர் கீழே வைத்தாள்.

புத்தகமெல்லாம் எப்படி நனைந்ததென்று கம்பெனிக்காரர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.