அழித்தாலும் திரும்பி வந்த பட்டியல்

தேர்வு அலுவலகம் ஒன்றில் ஐந்து கணினிகள் இருந்தன. ஒவ்வொரு கோப்புக்கும் ஐந்திலும் ஒரு நகல் இருக்கும். எதிலாவது நகல் இல்லையென்றால் மற்றொன்று தானே அனுப்பிவிடும். நான்கு கணினிகள் கூடத்தில்; ஐந்தாவது இயக்குநர் ஆளவந்தாரின் அறையில். 'வெளியே போகும்போது எல்லா சுவிட்சையும் அணைக்கவும்' என்று சுவரெல்லாம் அறிவிப்பு ஒட்டியவர் அவர்.

அன்று தவறான மதிப்பெண் பட்டியல் ஒன்றை அழிக்க வேண்டும். ஆபரேட்டர் மரகதவல்லி அழித்தாள். ஆளவந்தார் பின்னால் நின்று பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினார். ஐந்தே நிமிடத்தில் பட்டியல் மறுபடி வந்து நின்றது! மூன்று முறை அவர் வந்து நின்று பார்க்க அழித்தும் இதே கதை.

"ஏம்மா, அழிக்கக்கூடத் தெரியாதா? இன்னொரு தடவை வந்தால் உனக்கு வேலை கிடையாது!" என்று மறுபடி கூடத்துக்கு வந்து சீறினார் ஆளவந்தார்.

விளக்கணைந்து இருட்டாகக் கிடந்த அவருடைய அறையை மரகதவல்லி எட்டிப் பார்த்தாள்.

"சார், நீங்கள் இங்கே வருவதால்தான் அது பிழைத்துக்கொள்கிறது. இந்தத் தடவை அறையிலேயே இருங்கள்."

கூடமே அதிர்ந்தது. "என்னையா சொல்கிறாய்?" என்று கத்தியபடி ஆளவந்தார் போய் உட்கார்ந்தார். அவள் அழித்தாள். ஒரு மணி நேரமாகியும் பட்டியல் வரவேயில்லை.

"எப்படியம்மா?" அவர் அறையிலிருந்தே கேட்டார்.

"நீங்கள் வரும்போதெல்லாம் உங்கள் கணினியை அணைத்துவிட்டு வந்தீர்கள், சார். அழித்த சேதி அதற்குத் தெரியாது. மறுபடி போட்டதும், 'ஐயோ, நாலு பேரிடமும் பட்டியல் இல்லையே' என்று பாவம் அனுப்பிவைத்தது."

மறுநாள் அவர் அறை அறிவிப்பில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது: 'இயக்குநர் தவிர.'