நோரா இறங்கிய இடம்

தர்மினி மிஸ்ஸிடம் நடுவர் வேலை பழக வந்தவர்களில் பாக்கியநாதன்தான் வயதில் மூத்தவர். மிஸ்ஸையே விட அவர் இருபது வயது மூத்தவர். மிஸ் அவரைப் பாக்கியண்ணை என்று கூப்பிடுவார்.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சிறிய நகரம். அங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பனியரங்கத்துக்குப் போய், நண்பர் சிவலோகனோடு மேல் வரிசையில் இருந்து பெண்பிள்ளைகள் பனியில் ஆடும் ஸ்கேட்டிங் போட்டிகளைப் பார்ப்பார். முடிவு பிடிக்காவிட்டால் இருவரும் எழும்பி நின்று நடுவர்களை ஏசுவார்கள். பல திங்கட்கிழமைகளில் இருவருக்கும் தொண்டை கட்டியிருக்கும்.

ஒருநாள் பாக்கியநாதன் சொன்னார்:

"லோகன், நான் நடுவருக்குப் பழகப் போறன்."

"உனக்கு விசரே? இவ்வளவு நாளும் நாங்கள் ஏசின கதிரையில நீ போய் இருக்கப் போறியோ?"

"ஓம்."

"அப்ப நான் இனி உன்னைத்தான் ஏச வேணும்."

"ஏசு."

பழகுபவருக்கு ஒரு முறை உண்டு. போட்டி நடக்கும்போது அவர் உண்மையான நடுவர்களின் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துப் புள்ளி எழுதுவார். அந்தப் புள்ளி கணக்கில் வராது. நடுவர்களுக்கு ஒரு தாவலைத் திரும்ப ஓட்டிப் பார்க்கப் படம் உண்டு. பழகுபவருக்கு அதுவும் இல்லை. கண் மட்டும்தான். கடைசியில் மிஸ் அவருடைய தாளைப் பார்ப்பார். கையெழுத்து வைத்தால் அடுத்த போட்டியில் அவருக்குக் கதிரை. வைக்காவிட்டால் திரும்ப முதலில் இருந்து பழக வேண்டும்.

பாக்கியநாதனுக்குக் கையெழுத்து நாள் ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தது.

அன்று பெண்கள் போட்டியில் கடைசியாக இறங்கியவள் நோரா. அந்த ஊர்ப் பிள்ளை. பல் விழுந்த வயதில் அவள் பனியில் விழுந்து விழுந்து எழும்பியதைப் பாக்கியநாதனும் சிவலோகனும் பார்த்திருக்கிறார்கள். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. அரங்கமே அவளுக்காக வந்திருந்தது.

அவளிடம் பேர்பெற்ற தாவல் ஒன்று இருந்தது. லட்ஸ் என்பார்கள். பின்பக்கமாக வழுக்கி வந்து, காலணி முனையால் பனியைக் குத்தி எழும்பி, அந்தரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். அவள் எழும்பும்போதே சனம் கத்தத் தொடங்கும். ஆனால் அவளுக்கு மூன்றாவது சுற்று ஒருபோதும் நிறைவதில்லை. கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே காலணியின் அடிக்கத்தி பனியைத் தொட்டுவிடும். கூட்டத்துக்கு அது தெரியாது. பாக்கியநாதனுக்குத் தெரியும். முன்பெல்லாம் தெரிந்தும் கத்துவார். இப்போது கத்துவதில்லை. குறைந்த சுற்றுக்குத் தாளில் ஒரு சின்னக் கூர்க்குறி போட வேண்டும். அன்று அவள் எழும்பினாள்; அவர் அதைப் போட்டார்.

நோரா ஆடி முடித்தாள். பொம்மைகளும் பூக்களும் பனியில் வந்து விழுந்தன.

முடிவு சொன்னார்கள். மிஷெல் என்ற வெளியூர்ப் பெண் முதலாவது. நோரா இரண்டாவது.

அரங்கம் ஊளையிட்டது. பொம்மை எறிந்த கைகளே காகிதக் கோப்பைகளை எறிந்தன. எல்லாருடைய கைபேசியிலும் "கொள்ளை" என்ற சொல் ஓடியது. மிஷெல் தன் பயிற்சியாளரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பாக்கியநாதன் தன் தாளைப் பார்த்தார். மிஷெல் முதலாவது. நோரா இரண்டாவது. தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழும்பினார்.

படிக்கட்டில் சிவலோகன் பிடித்துக்கொண்டார்.

"டேய் பாக்கி, நீ ஆருக்குப் போட்டனி?"

"மிஷெலுக்கு."

"என்னடா சொல்லுறாய்?"

"மிஷெலுக்குத்தான்."

"எங்கட பிள்ளையை விட்டிட்டு? கண்ணாடியை மாத்தடா! பஸ் ஓட்டேக்க உனக்குச் சிவப்பு லைற் எப்பிடித் தெரிஞ்சது?"

பாக்கியநாதன் சிரிக்கவில்லை. கீழே இறங்கி மிஸ்ஸிடம் போனார்.

மிஸ் பனி ஓரத்துப் பலகையில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேலே இன்னும் கத்தல் ஓயவில்லை. பாக்கியநாதன் தாளை நீட்டினார். மிஸ் வாங்கி ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். பேனையை எடுக்கவில்லை.

"மிஸ், ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ, அண்ணை."

"இவ்வளவு சனமும் பிழை எண்டு கத்துது. என்ர சிநேகிதனும் கத்துறான். நான் அசையேல்லை. ஆனா உள்ளுக்குள்ள உதறுது. ஒரு நடுவர் இந்தச் சத்தத்தை எப்பிடித் தாங்கிறது?"

மிஸ் தேநீர்க் கோப்பையைப் பலகையில் வைத்தார்.

"வாங்கோ," என்றார்.

பனியை மெழுகும் வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அது ஒரு சுற்று ஓடினால் பழைய பனி சுரண்டப்பட்டு, மேலே வெந்நீர் பரவி, எல்லாத் தடமும் போய்விடும். மிஸ் ஓட்டுநரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர் உறுமலை நிறுத்தினார்.

இருவரும் சாதாரணச் சப்பாத்தோடு பனியில் இறங்கினார்கள். பாக்கியநாதன் வழுக்கி மிஸ்ஸின் கையைப் பிடித்தார். மேலே சிலர் கைகொட்டிச் சிரித்தார்கள்.

தூரத்திலிருந்து பார்க்க வெறும் வெள்ளையாக இருந்த பனி, கிட்டப் போனதும் கோடுகளாயிற்று. வட்டங்கள், வளைவுகள், குத்துகள். அன்று ஆடிய பிள்ளைகள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவராக எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

மூலையில் ஓரிடத்தில் மிஸ் நின்றார்.

"நோரா எங்க குத்தி எழும்பினவ?"

பாக்கியநாதன் தேடினார். ஒரு சிறு குழி. சுற்றிலும் புதிதாகத் தெறித்த பனித்தூள்.

"இது, மிஸ்."

"எங்க இறங்கினவ?"

அவர் மிஸ்ஸின் கையைப் பிடித்தபடி மெல்ல நடந்தார். அது அவர் நினைத்த இடத்தில் இல்லை. இன்னும் தள்ளி இருந்தது. ஒரு ஆள் படுத்தாலும் எட்டாத தூரம்.

"இவ்வளவு தூரமோ?"

மிஸ் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"சுத்துக் குறைஞ்சு இறங்கினா பனியில என்ன இருக்கும், அண்ணை?"

"கொக்கி இருக்கும், மிஸ். கத்தி இன்னும் திரும்பிக்கொண்டிருக்கேக்க பனியில முட்டும். அது சுரண்டி ஒரு கொக்கி விழுத்தும். அதுக்குப் பிறகுதான் கோடு."

"பாருங்கோ."

பாக்கியநாதன் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். முழங்காலில் இருந்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி முகத்தைப் பனிக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

கொக்கி இல்லை.

முதலில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்தே கோடு கிளம்பியது. மயிரளவில் தொடங்கி, மெல்ல ஆழமாகி, மூன்றாம் பிறை போல வளைந்து, ஒரு இடத்திலும் அசையாமல், ஓரத்துப் பலகைவரை போயிற்று. வழியில் வேறு கோடுகளை அது வெட்டிக்கொண்டு போனது. வெட்டிய இடத்தில்கூடச் சிதறல் இல்லை.

அவர் விரலை அதன் மேல் வைக்கப் போனார். வைக்கவில்லை.

காற்சட்டை முழங்காலில் நனைந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"மிஸ்," என்றார் கடைசியில். திரும்பச் சொன்னார். "மிஸ், இது முழுசு."

"ஓம்."

"நோரா இதை ஒருநாளும் முழுசாய்ச் செய்ததில்லை."

"இல்லை."

"இண்டைக்கு..."

"இண்டைக்குத்தான்."

பாக்கியநாதன் எழும்பவில்லை.

"நான் கூர்க்குறி போட்டிட்டன்."

"கண்டனான். உங்களுக்குப் பக்கத்திலதானே இருந்தனான்."

"மற்ற நடுவர்மார்?"

"படத்தை ஓட்டிப் பாத்து முழுப் புள்ளி குடுத்திட்டினம். விவரமெல்லாம் சுவரில ஒட்டியிருக்கு. நீங்கள் ஆர் முதலாவது எண்டு மட்டும் கேட்டிட்டு வந்திட்டியள்."

"அப்ப முடிவு?"

"முடிவு சரி. மிஷெல் இதைவிடக் கூடச் செய்தவ. இஞ்ச பாருங்கோ, நோரான்ர கோட்டுக்குக் கீழ போறது மிஷெலின்ர."

அவர் பார்த்தார். இன்னொரு பிறை, நோராவினுடையதைக் கடந்து, எதிர்ப்பக்கம் வளைந்து போனது. அதிலும் கொக்கி இல்லை. அதையும் அவர் இப்போதுதான் கண்டார்.

மிஸ் கேட்டார்:

"நோரா எழும்பேக்க சனம் எப்ப கத்தினது?"

"எப்பவும் போலத்தான், மிஸ். அவ மேல நிக்கேக்கையே கத்தத் தொடங்கியிட்டுதுகள். இறங்குமட்டும் ஆர் பாக்கிறது?"

"நீங்கள் எப்ப குறி போட்டனீங்கள்?"

பாக்கியநாதன் தன் வலக் கையைப் பார்த்தார். பேனை பிடித்த விரல்களைப் பார்த்தார். "அவ மேல நிக்கேக்கையே," என்றார்.

பனியில் காலடிச் சத்தம் கேட்டது. நோரா வந்துகொண்டிருந்தாள். ஆட்ட உடுப்பின் மேல் தடித்த கோட்டு, காலில் சாதாரணச் சப்பாத்து. கழுத்தில் பதக்கம் இன்னும் போடவில்லை. மேலிருந்து அவள் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருவரும் நிற்கும் இடத்தைக் கண்டு தயங்கினாள்.

"இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மிஸ் விலகி நின்றார். பாக்கியநாதன் எழும்பப் பார்த்தார். சப்பாத்து வழுக்கியது. நோரா அவருடைய முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பிறகு அவர் இருந்த இடத்திலேயே தான் முழங்காலில் இருந்தாள்.

புள்ளியைப் பார்த்தாள். கோட்டோடு கண்ணை ஓட்டிக்கொண்டு போனாள். திரும்பப் புள்ளிக்கு வந்தாள்.

இரண்டாவது இடத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நடுவர்களைப் பற்றியும் கேட்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தாள். கண்ணீரும் வந்தது.

"இறங்கும்போதே தெரிந்தது," என்றாள். "ஆனாலும் பார்க்க வேண்டும் போல இருந்தது."

அவள் எழும்பிப் பாக்கியநாதனைப் பார்த்தாள். பழைய ஆளை அடையாளம் கண்டாள்.

"நீங்கள் மேல் வரிசையில் இருப்பவர்தானே? எப்போதும் என் பேரைக் கத்துவீர்கள். இன்று உங்கள் குரல் கேட்கவில்லை."

பாக்கியநாதன் தலையை ஆட்டினார்.

"இதைப் பார்த்தீர்களா?" என்று பனியில் இருந்த கோட்டைக் காட்டினாள்.

"இப்பதான் பாத்தன், பிள்ளை," என்றார் அவர், தமிழிலேயே.

அவளுக்கு அது விளங்கியதோ இல்லையோ. தலையை அசைத்துவிட்டுப் போனாள். வாசலில் மிஷெல் தனியாக நின்றாள். நோரா அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வண்டி திரும்ப உறுமியது. மிஸ் கையைக் காட்டினார். இருவரும் ஓரத்துக்கு வந்தார்கள். வண்டி மூலையைச் சுற்றி வந்தது. பிறைகள் இரண்டும் அதன் அடியில் போயின. பின்னால் ஈரமான, கறுத்த, வெறும் பனி மினுங்கிக்கொண்டு வந்தது.

பாக்கியநாதன் அதைப் பார்த்தபடி நின்றார்.

யாரோ முதுகில் தட்டினார்கள். சிவலோகன். ஓடி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"டேய், உனக்குக் காதும் போயிட்டுதோ? 'பாக்கி, கண்ணாடி தேடுறியோ' எண்டு எத்தனை தரம் கத்தினன்! முழு அரங்கமும் சேந்து உன்ர பேரைச் சொல்லிக் கத்தினது. வெள்ளைக்காரர் எல்லாம் 'பாக்கி, பாக்கி' எண்டுதுகள். நீ திரும்பிக்கூடப் பாக்கேல்லை. கேக்கேல்லையோ?"

பாக்கியநாதன் அவரைப் பார்த்தார். பிறகு மிஸ்ஸைப் பார்த்தார்.

"கேக்கேல்லை," என்றார்.

மிஸ் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். கையெழுத்து வைக்காத தாளை நாலாக மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

சிவலோகன் அதைக் கண்டார். குரல் தணிந்தது.

"மிஸ், இவன் பாஸோ, பெயிலோ?"

மிஸ் புதுப் பனியைப் பார்த்தார். இன்னும் ஒரு கோடும் அதில் விழவில்லை.

"நாலு மணிக்குச் சின்னப் பிள்ளையள் இறங்குவினம், பாக்கியண்ணை. இப்பதான் பழகத் தொடங்கினதுகள். ஒருத்தரையும் உங்களுக்குத் தெரியாது. என்ர பக்கத்தில வந்து இருங்கோ."